எனக்குப் புரியவில்லை

“கதை சொல்வதால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம்?” என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒரு சரித்திரம் வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் எட்டு வயதுப் பையன் ஒருவன். சித்தம் கலங்கியவன் என்று வைத்தியர்கள் முடிவு கட்டிய பிள்ளை. ‘இதைச் செய், அதைச் செய்’ என்று ஏவினால் போதும். தன்னைத் தானே அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவான்.

அந்தக் காலத்தில் இதற்குச் செய்து பார்த்த பரிகாரங்களில் ஒன்று என்ன தெரியுமா? மின்சாரம்! லாஸ் ஏஞ்சல்ஸ் பேராசிரியர் லோவாஸ், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உடம்பில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கத்தை நிறுத்தியதை 1969-ல் எழுதினார். அடித்துக்கொண்டதும் பரிவு காட்டினால் அது அதிகமாகிறது என்றும் கண்டார். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் காரணம் ஒன்றாகவா இருக்கும்?

எட்வர்ட் கார் என்பவர் இரண்டு சகாக்களுடன் நமது பையனை ஆராய்ந்து 1976-ல் எழுதினார். ஏவல் இல்லாமல் வெறுமனே பேசினாலும், சும்மா விட்டாலும் அவன் அமைதியாக இருந்தான். பாடம் முடிந்தது என்று தெரிவிக்கும் வார்த்தை காதில் விழுந்ததும் அடி சட்டென்று குறைந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்: சந்தோஷமான கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே நடுநடுவே ஏவினார்கள். அதே ஏவல்தான், ஆனால் அடி வெகுவாகக் குறைந்துவிட்டது!

பரிசு என்றால் மிட்டாய்தான் என்று நினைக்கிறோம். தொல்லை விலகுவதும் பரிசுதான். பிள்ளை அடித்துக்கொள்கிறது, பதறிப்போன உபாத்தியாயர் பாடத்தை நிறுத்துகிறார். அடித்தால் விடுதலை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பாடத்தை விட்டால் நிம்மதி என்று உபாத்தியாயரும் கற்றுக்கொள்கிறார்! இத்தகைய குழந்தைகளுக்குப் பெரியவர்கள் பாடத்தையே குறைத்துவிடுகிறார்கள் என்று காரும் அவருடைய சகாக்களும் 1991-ல் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் நஷ்டம் யாருக்கு?

1985-ல் காரும் மார்க் டுராண்டும் நாலு குழந்தைகளிடம் வேறு வழியைக் கையாண்டார்கள். பாடம் கடினமாகும்போது முரண்டு பிடித்த குழந்தைக்கு, “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னவுடன் உதவி கிடைத்தது. பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்கிய குழந்தைக்கு, “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டவுடன் பாராட்டு கிடைத்தது. முரட்டுத்தனம் அடங்கியது. வார்த்தையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. உதவி வேண்டியவனுக்குப் பாராட்டு எதற்கு?

அந்தக் குழந்தைகளின் அடியும் கூச்சலும் ஒரு வாக்கியம்தான். வார்த்தையால் கேட்கத் தெரியாததால் உடம்பால் சொன்னார்கள். அதைவிடச் சுலபமான வாக்கியம் கிடைத்ததும் பழையதை விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: “புரியவில்லை” என்று குழந்தை சொல்லும்போது யாராவது எழுந்து வந்து உதவ வேண்டும். வராவிட்டால், அது பழைய பாஷைக்கே திரும்பிவிடும். அப்போது குற்றம் குழந்தையுடையதா?