ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுமா? – ஒரு சுவிட்ச் புராணம்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டலை. போன வாரம் பென்னாகரத்துல வீட்டு டிவி செட்டாப் பாக்ஸ் தொங்கிடுச்சு. அம்மா பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினாங்க, படம் வந்துடுச்சு. "நீயும் பெங்களூர்ல இதைத்தானேடா பண்ணிட்டிருந்தே?"ன்னு ஒரு கேள்வி. ஏறக்குறைய உண்மைங்கறதால பதில் சொல்ல முடியலை :-)

நான் பொட்டி தட்டின காலத்துல மேய்ச்சது ஸ்டோரேஜ் சுவிட்ச். அதை ரீபூட் பண்றதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. அதுல என் பங்கா ஒரு அசிங்கமும் இருக்கு. கொசுவத்தி சுத்திக்கிறேன்.

முன்னெல்லாம் டிஸ்க்கை சர்வரோட ஸ்கஸி கேபிள்ல கட்டி வெச்சிருப்பாங்க. ஒரு கேபிள்ல அதிகபட்சம் 15 சாதனம், நீளம் 25 மீட்டருக்குள்ள. சர்வர் படுத்தா அதோட டிஸ்க்கும் படுத்த மாதிரிதான். 1994ல ஃபைபர் சேனல் தரப்படுத்தப்பட்டுச்சு. அதுல டிஸ்க் தனியா ஒரு இடத்துல, சர்வர்கள் தனியா ஒரு இடத்துல, நடுவுல கண்ணாடி இழை. தூரம் 10 கிலோமீட்டர் வரை போகலாம். நம்ம கணக்குல சொன்னா தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்து அதியமான்கோட்டையைத் தாண்டி.

நடுவுல நின்னு யாருக்கு எந்த டிஸ்க்னு பிரிச்சு விடறதுக்கு ஒரு பொட்டி வேணுமில்லையா? அதைச் செய்யத்தான் 1995ல கலிபோர்னியாவுல புரோகேட் கம்பெனி ஆரம்பமாச்சு. ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தர் குமார் மளவள்ளி, மைசூர்ல படிச்சவர். ஃபைபர் சேனல் தரத்தை எழுதினதுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. (மளவள்ளின்னு ஒரு ஊரும் இருக்கு, சிவனசமுத்திரம் பக்கம். அங்கே விழற காவிரிதான் அப்புறம் நம்ம ஒகேனக்கல்ல வந்து விழுது. சும்மா ஒரு சந்தோஷத்துக்குச் சொன்னேன்.) 1997ல அவங்க முதல் சுவிட்ச் வந்துச்சு. பேரு சில்க்வார்ம். பட்டுப்புழுவேதான்! தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பேர் சட்டுனு ஒட்டிக்கிச்சு.

இப்ப ரீபூட்டுக்கு வருவோம். ஆபீஸ் இணைய சுவிட்சை ரீபூட் பண்ணா ரெண்டு பேர் மெயில் வரலைன்னு கத்துவாங்க, அவ்வளவுதான். ஸ்டோரேஜ் சுவிட்ச் அப்படியில்லை. அது ரெண்டு நிமிஷம் போனா, சர்வருக்கு யாரோ தன் டிஸ்க்கையே பிடுங்கிட்ட மாதிரி. கொஞ்ச நேரம் காத்திருக்கும், அப்புறம் டேட்டாபேஸ் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். அதனால எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வெச்சாங்க. ஏ பக்கம் ஒரு சுவிட்ச், பி பக்கம் ஒரு சுவிட்ச். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கவே மாட்டாங்க. சர்வர்ல இருந்து ரெண்டு பக்கமும் கேபிள் போகும். ஒரு ஏரிக்கு ரெண்டு மதகு வெச்ச மாதிரி. ஏ பக்கத்தை ரீபூட் பண்ணா பி பக்கம் தாங்கிக்கும்.

என் கதையும் இதே ஏற்பாட்டுலதான் நடந்துச்சு. ஒரு மாசக் கடைசி ராத்திரி, ஏ பக்க சுவிட்ச் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லாம முரண்டு பிடிச்சுது. ரீபூட்தான் வழி. நானும் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணலைங்க. பி பக்கத்துல போய் நிலவரம் கேட்டேன். இந்தப் பொட்டிகள் மூணு விதமாத்தான் பதில் சொல்லும்: ஹெல்தி, மார்ஜினல், டவுன். ஹெல்தின்னு வந்துச்சு. தட்டிட்டேன்.

சுவிட்ச் ஹெல்திதான். ஆனா அதுல ஒரே ஒரு போர்ட்டுல வெளிச்சம் வரலை. என்னிக்கோ யாரோ கேபிளை இடிச்சிருக்காங்க. ஒரு போர்ட் போனதுக்கெல்லாம் மொத்த சுவிட்சும் உடம்பு சரியில்லைன்னு சொல்லாது. அந்த போர்ட்டுல இருந்தது சம்பளக் கணக்கு சர்வர். போர்ட் வாரியாப் பட்டியல் போடற கட்டளையை அடிச்சிருந்தா, "நோ லைட்"னு ஒரு வரி கண்ணுல பட்டிருக்கும். சர்வர்ல போய் எத்தனை பாதை உயிரோட இருக்குன்னு பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ரெண்டும் பண்ணலை.

மூணாம் நாள் காலையில கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் நிறுத்தினார். அரூர் பக்கத்துக்காரர், ஊர்ப்பேச்சு பேசற ஒரே ஆள். "தம்பி, இன்னும் சம்பளம் ஏறலைங்களே, சீட்டுக்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"ன்னார். தெரியாதுண்ணேன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்.

நான் மட்டும்தானான்னு தேத்திக்க ஒரு பெரிய உதாரணம் 2010ல கிடைச்சுது. அந்த வருஷம் ஜூலை 5, திங்கட்கிழமை விடியக்காலை 3 மணி வாக்குல சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கி மொத்தமா நின்னுடுச்சு. சுமார் 7 மணி நேரம். ஏடிஎம்ல காசு வரலை. அங்கே நம்மாளுங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு சொல்ல வேண்டியதில்லை. பழுது சுவிட்ச்ல இல்லை, மெயின்ஃப்ரேமோட இணைஞ்ச ஸ்டோரேஜ்ல. முதல்ல சின்னப் பிரச்சினைதான், வங்கி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. சரி பண்ணப் போனவங்க பழைய செய்முறையைப் பின்பற்றினதுல, ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு வெச்ச அடுக்குகள் எல்லாம் சேர்ந்து படுத்துடுச்சு. பராமரிப்பு ஐபிஎம் கையில இருந்துச்சு. தப்பு தங்க ஆட்களோடதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியை விடலை. ஏறக்குறைய 23 கோடி சிங்கப்பூர் டாலரைக் கூடுதல் மூலதனமா ஒதுக்கி வைக்கச் சொல்லிடுச்சு.

செக்யூரிட்டி அண்ணன் மாதிரி அங்கேயும் யாராவது கேட்டுல நின்னு கேட்டிருப்பாங்களான்னு நினைச்சுக்கிட்டேன்.

பின்னால பெரிய சுவிட்சுகள்ல கட்டுப்பாட்டு அட்டையையே ரெண்டா வெச்சுட்டாங்க. ஒண்ணு ரீபூட் ஆகும்போது இன்னொண்ணு பொறுப்பேத்துக்கும், டேட்டா போறது நிக்காது. புரோகேட்டையும் 2017ல பிராட்காம் வாங்கிடுச்சு. மூலையில தள்ளாடற அந்த ஒத்தைக் கேபிளை மட்டும் இன்னமும் ஆள்தான் போய்ப் பார்க்கணும்.

நான் அந்த வேலையை விட்டு வருஷமாச்சு. அண்ணனை ஒருதரம் அரூர் பஸ்ல பார்த்தேன். சீட்டெல்லாம் எடுத்து வீடு கட்டிட்டாராம், "ஒரு நாள் வாங்க தம்பி"ன்னார். அந்தச் சம்பள விஷயத்தை இதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லலை.