தாவர ஒளியுணர்விகள்

ஒளியின் நிறத்தைப் பிரித்தறிந்து முளைப்பு, வளைவு, பூப்பு ஆகியவற்றை நெறிப்படுத்தும் புரதங்கள். சிவப்பையும் தூரச்சிவப்பையும் பைட்டோகுரோம் உணரும். நீலத்தைக் கிரிப்டோகுரோமும் ஃபோட்டோட்ரோபினும், புறஊதா-பி கதிரை யுவிஆர்8-உம் உணரும். தாமிரபரணிப் பாசனத்தின் நெல் பருவங்களோடு நேரடித் தொடர்புடையது பைட்டோகுரோம்.

வரலாறு: நாற்று ஒளியை நோக்கி வளைய அதன் நுனியே காரணம் என்று டார்வின் 1880-இல் எழுதினார். பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிப்பதை அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் 1920-இல் காட்டினர்.

திருப்புமுனை 1952. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஊறவைத்த லெட்டூஸ் விதைகள்மீது சிவப்பு ஒளியையும் தூரச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினர். சிவப்பில் முடித்தால் 100-க்கு ஏறத்தாழ 70 விதைகள் முளைத்தன. தூரச்சிவப்பில் முடித்தால் ஏறத்தாழ 6 மட்டுமே. எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்ட ஒளியின் சொல்லே செல்லுபடியானது. ஒரே நிறமி 660, 730 நானோமீட்டர் ஒளிகளால் இரு வடிவங்களுக்கிடையே மாறுகிறது என்று அவர்கள் கணித்தனர். 1959-இல் அந்நிறமி இருட்டில் வளர்ந்த மக்காச்சோள நாற்றில் கருவியில் பதிவானது. பைட்டோகுரோம் எனப் பெயர் பெற்றது.

நெல்: நெல் குறும்பகல் தாவரம், இரவு நீண்டால் கதிர் வாங்கும். திருநெல்வேலியில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆனால் பகல் வேறுபாடு 14 நிமிடமே உள்ள மலாக்காவில், சயாம் 29 என்ற ரகம் ஜனவரியில் விதைத்தால் 329 நாளிலும் செப்டம்பரில் விதைத்தால் 161 நாளிலும் பூத்ததாக ஆய்வாளர் டோர் 1959-இல் எழுதினார். ஆக, திருநெல்வேலியின் நெல்லுக்கு அந்த ஒரு மணி நேரம் தாராளம். பகல் நீண்ட ஜூனில் தொடங்கும் கார் பருவத்துக்கு ஒளியுணர்வு மிகுந்த ரகம் ஒத்துவராது; பகல் குறுகிவரும் பிசானப் பருவத்துக்கே அது பொருந்தும். இரவை நெல் அளப்பது பைட்டோகுரோம் இருளில் மெதுவாக வடிவம் மாறுவதாலா, தாவரவியலாளர் பன்னிங் 1936-இல் முன்வைத்த உள்கடிகாரத்தாலா என்பது நெடுநாள் விவாதம். இன்று பலரும் பின்னதன் பக்கம் சாய்கின்றனர்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. அங்கு உருவாகி 1986-இல் வெளியான அம்பை 16 ரகத்தின் வயது, அதாவது விதைப்பு முதல் அறுவடை வரை, 110 முதல் 115 நாள்.

அண்மைக்காலம்: நடு இரவில் சிவப்பு ஒளி பட்டால் பைட்டோகுரோம்-பி வழியே நெல்லின் பூப்பு தள்ளிப்போவது 2005-இல் தெளிவானது.

அம்பை 16-ஐப் போலன்றி, ஒளியுணர்வுள்ள பழைய ரகங்களுக்கு வயது ஓர் எண்ணல்ல; விதைக்கும் பட்டத்தைப் பொறுத்து அது கூடும், குறையும்.