௨௱௫ முதல் 205 வரை: தமிழ்க் கணக்குக் கல்வியில் இடமதிப்பின் வரலாறு

முன்னுரை

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இடமதிப்பையும் நான்கு அடிப்படைச் செயல்களையும் மீள்பார்வை செய்யும்போது ஆசிரியர்கள் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. ‘இருநூற்றைந்து’ என்று சொன்னால் சில மாணவர் 2005 என எழுதுவர். கவனக்குறைவு என்று இது பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. பல மொழிச் சிறாரிடமும் காணப்படும் இப்பிழைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழந்தமிழ் எண்குறிமுறையோடு ஒப்பிடுகையில் அவ்வொழுங்கு தெளிவாகப் புலப்படும். தமிழ்க் கணக்கு மரபில் இடமதிப்பு எவ்வடிவில் நிலவியது, அது எவ்வாறு மாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரில் அமைந்த மதிப்பு

தமிழ் எண்குறிகளில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் தனிக்குறிகள் இருப்பதுபோலப் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் குறிகளும் உண்டு. 2345 என்னும் எண் ௨௲௩௱௪௰௫ என எழுதப்பட்டது. இரண்டு ஆயிரம், மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து எனச் சொல்லும் முறையே எழுதும் முறையாகவும் இருந்தது. 205 என்பது ௨௱௫. பத்தின் இடம் வெறுமையாயிருப்பதைக் காட்டச் சுழியம் தேவைப்படவில்லை. குவாலியர்ச் சதுர்ப்புசக் கோயிலின் கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்னும் எண் சுழியத்துடன் இடமதிப்பு முறையில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்க் கல்வெட்டுகளும் ஓலைக்கணக்குகளும் அதன் பின்னரும் நெடுங்காலம் ௰, ௱, ௲ குறிகளையே ஆண்டன.

இருநூற்றைந்தை 2005 என எழுதும் சிறாரும் இதையே செய்கின்றனர். ‘இருநூறு’ என்பதை 200 என்று முழுமையாக எழுதி, அதன்பின் ஐந்தைச் சேர்க்கின்றனர். சொல்வழி எழுதும் முறைக்கு இது பொருந்தும். இடவழி எழுதும் முறைக்குப் பொருந்தாது. எண்ணுப்பெயர்களிலும் ஓர் இடர் உண்டு. எண்பதை அடுத்து வரும் ‘தொண்ணூறு’ நூறு என்னும் சொல்லையும், எண்ணூற்றை அடுத்து வரும் ‘தொள்ளாயிரம்’ ஆயிரம் என்னும் சொல்லையும் தாங்கி நிற்கின்றன. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் இவற்றின் புணர்ச்சிக்குத் தனி விதி வகுத்துள்ளது. பெயரைக் கேட்டு இடத்தை உணர முயலும் மாணவர்க்கு இவை மயக்கம் தருவன.

எண்சுவடியும் கலப்புச் செயல்களும்

தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையின் முடிவில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றதாகக் கணக்கிடப்பட்டது. தமிழ்ப்பகுதியின் திண்ணைப்பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவை மனனமாகப் பயிற்றப்பட்டன. மணலில் விரலால் எழுதுதலும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லுதலுமே மீள்பார்வையாக அமைந்தன.

நெல்லிலக்கத்தில் 8 நாழி ஒரு குறுணி; 12 குறுணி ஒரு கலம். 2 கலம் 9 குறுணி 6 நாழியோடு 1 கலம் 4 குறுணி 5 நாழியைக் கூட்டினால், 11 நாழி 1 குறுணி 3 நாழியாகிறது. 14 குறுணி 1 கலம் 2 குறுணியாகிறது. விடை 4 கலம் 2 குறுணி 3 நாழி. அதனை இருவர்க்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவர்க்கு 2 கலம் 1 குறுணி 1 நாழி 1 உரி கிடைக்கும். நாழியில் பாதி உரி. இன்றைய பாடநூல் ‘இனமாற்றம்’ எனக் குறிப்பது இங்கு எட்டிலும் பன்னிரண்டிலும் நிகழ்கிறது. கூட்டலும் வகுத்தலும் ஒரே கணக்கில் கலந்து வரும்போதும், எந்த அளவை எதனுள் அடங்கும் என்பதை அளவைப்பெயரே உணர்த்திவிடுகிறது.

கீழ்வாய் இலக்கத்தில் இவ்வுறவு மேலும் நுட்பமானது. முந்திரி 1/320, நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா கால். முந்திரிக்குக் கீழே அதே பெயர்கள் ‘கீழ்’ என்னும் அடையோடு மீண்டும் வருகின்றன: கீழரை 1/640, கீழ்முந்திரி 1/1,02,400. ஒரே பெயர்த்தொகுதி 320 மடங்கு தாழ்ந்த நிலையில் மீள்வது இடமதிப்பின் அடிப்படைக் கருத்தே. அதனை இங்குச் சுட்டுவது இடமன்று, பெயரடை.

இடத்துக்கு மாறிய மதிப்பு

அச்சுநூல்களும் புதிய பள்ளிகளும் பரவிய 19ஆம் நூற்றாண்டில் சுழியத்துடன் கூடிய பதின்முறை எழுத்து நிலைபெற்றது. ஆயினும் 16 அணா கொண்ட ரூபாய் வழங்கியவரை வீசம், கால், அரை முதலியன அன்றாடக் கணக்கில் நிலைத்திருந்தன. ரூபாயில் வீசம் ஓர் அணா; கால் நான்கு அணா. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்முறை நாணயம் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் அளவைகளும் பரவின. ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட மதிப்பும் புள்ளிக்கு வலப்புற இடங்களுக்குச் சென்றது. எல்லா இனமாற்றமும் பத்தில் நிகழ்வதால் எழுத்துக்கணக்கு எளிதாயிற்று. அதேவேளை, மதிப்பை அறிவித்த பெயர்கள் மறைந்தன. இடத்தின் பொருளை மாணவர் தாமே உணர வேண்டியதாயிற்று.

முடிவுரை

தமிழ்க் கணக்கு மரபு இடமதிப்பின் உறவை அறிந்திருந்தது. அதனைப் பெயரில் வைத்துக் கற்பித்தது. இன்றைய முறை அதனை இடத்தில் வைக்கிறது. இருநூற்றைந்தை 2005 என எழுதும் மாணவர் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறார். அவருக்கு விதியை மீண்டும் ஒப்பிக்கச் செய்வது போதாது. ௨௱௫, 205 ஆகிய இரண்டையும் அருகருகே எழுதி, முன்னதில் எழுதத் தேவைப்படாத பத்தின் இடம் பின்னதில் சுழியமாக நிற்பதைக் காட்டலாம். கலம், குறுணிக் கணக்கைச் செய்தபின் நூறு, பத்துக் கணக்கைச் செய்வித்தால் இனமாற்றத்தின் காரணமும் விளங்கும். எண்சுவடி மரபை வகுப்பறை மீள்பார்வைக்குரிய கருவியாகவும் கொள்ளலாம் என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.