தேங்காய் மாசி முதல் 1926 வரை: மலையகத்துக்கு வந்த அழைப்புகள்

இலங்கை மலையகத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஆள்கட்ட வந்த கங்காணி, கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்றானாம். பஞ்சத்தில் அடுப்பு மூட்ட வழியில்லாதவர்கள் நம்பினார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு, எஞ்சியவர்கள் மலை ஏறினார்கள். தூரைக் கிளறியபோது அட்டைதான் வந்தது.

2023இல், வருகையின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடி நடந்தார்கள். நடந்தவர்கள் நினைவுகூர்ந்த துயரங்களில் பசியும் சாவும் இருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு பொய் வாக்கும் இருந்தது. இன்றைய சொல்லில் அது விளம்பரம். ஒரு சமூகமே விளம்பரத்தை நம்பி இடம்பெயர்ந்து, அதன் விலையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறது.

ஆகவே, "மனம் சரியில்லையா, எங்களிடம் வாருங்கள்" என்று இன்று ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பலகை வைப்பவர் வெறும் மண்ணில் அதை நடவில்லை. அழைப்புகளால் காயப்பட்ட மண்ணில் நடுகிறார். அந்த அழைப்புகளின் வரலாறு தெரிந்தால்தான், உளநல சேவை ஒன்று தன்னை இங்கே எப்படி அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

கங்காணியின் வாய்மொழிக்குப் பிறகு அச்சும் அலுவலகமும் வந்தன. 1904இல் தோட்டத் துரைமார் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஒன்றைத் திறந்து ஆள்சேர்ப்பை முறைப்படுத்தினார்கள். அழைப்பு இனிப்பாக இருந்தது. கணக்கு வேறாக இருந்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக எழுதப்பட்டன. தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' அவருக்கு முன்னால் தோட்டம்விட்டுத் தோட்டம் போனது. கடனை ஏற்கும் துரை கிடைத்தால்தான் ஆள் நகரலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இலவசம்போல் தொடங்கும் எதுவும் கடைசியில் கடனாக முடியும் என்ற எச்சரிக்கை அந்தக் காலத்திலேயே லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளுக்குள் குடியேறிவிட்டது.

மருத்துவமோ அழைப்பாக வரவில்லை, உத்தரவாக வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வதற்கான முதல் சட்டம் 1872இல் பிறந்தது. காலப்போக்கில் தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி வந்தது, ஒரு 'தோட்டத்து டாக்டரும்' வந்தார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் துரை. அவர் "வேலைக்குப் போகலாம்" என்றால் போக வேண்டும். போகாவிட்டால் வேலைக்கு வந்ததற்கான அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. நோயைச் சொல்வதும் கூலியை இழப்பதும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

உத்தரவாக வந்த மருத்துவத்தின் உச்சத்தை 1916இல் காணலாம். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பை இலங்கையில் தொடங்கியபோது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுப்பது தோட்டத்துக்கு எளிது. விடியலில் தப்பு அடித்ததும் எல்லாரும் அங்கே வந்தே ஆக வேண்டும். எண்ணிக்கை கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. துரை குதிரையிலோ நடந்தோ வந்து நிற்பார். மருந்து எதற்கு, குடித்தால் என்ன செய்யும், வேண்டாம் என்று சொல்லலாமா என்பதெல்லாம் அந்த வரிசையில் நிற்பவர் கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல. அந்த மருந்தால் நன்மை உண்டு என்பது உண்மை. கேட்டு, யோசித்து, சம்மதிக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது என்பதும் உண்மை.

மனநோய்க்கு அந்த டிஸ்பென்சரியில் எதுவும் இல்லை. மனம் கலங்கியவருக்கு இருந்த அரச வழி பொலிஸும் நீதிமன்றமும்தான். 1873ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தது: நீதிவான் முன் நிறுத்தி, விசாரித்து, காப்பகத்துக்கு அனுப்புவது. கொழும்பில் கறுவாத்தோட்டத்தில் இருந்த காப்பகம் நிரம்பி வழிந்தபின், 1926இல் அங்கொடையில் பெரிய மனநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. ஹட்டனிலிருந்து பார்த்தால் அது மலைக்குக் கீழே, கோச்சி எனும் ரயிலில் ஒரு பகல் தூரத்தில், வேறு மொழி பேசும் ஊரில் இருந்தது. போனவர்கள் திரும்பி வருவது அரிது என்ற எண்ணம் பரவியது. "அங்கொடைக்கு அனுப்பணும்" என்பது சண்டையில் எறியும் வசவானது. ஒரு மருத்துவமனையின் பெயரே மக்களை விரட்டும் விளம்பரமாக ஆகிவிட்டது.

அப்படியானால் லயத்து மக்கள் யாரிடம் போனார்கள்? கோடாங்கியிடமும் பூசாரியிடமும் போனார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள், கோடாங்கி என்ன செய்தார் என்று கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அவர் வேலை முடிந்த மாலையில் வந்தார். அதனால் பேர் போகவில்லை. உடுக்கையை அடித்துத் தமிழில் பேசினார். பாதிக்கப்பட்டவரைத் தனியே பிரிக்காமல் குடும்பம் முழுவதையும் சுற்றி உட்காரவைத்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் புதைந்து கிடந்ததை எல்லாம் முனியாண்டி சாமியின் பெயரால் வெளியே எடுத்தார். திருநீறு பூசி, வேப்பிலை அடித்து, இத்தனை நாள் கழித்து வா என்றார். பதாகை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த வழியிலும் பொய் வாக்கு உண்டு. தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி அதற்கு அழியாத சாட்சி. தர்கா உள்ள அந்த ஊரைச் சுற்றித் தனியார் மனநோய்க் காப்பகங்கள் முளைத்தன. குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் பணம் கொடுத்து ஆட்களை விட்டுச் சென்றன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மந்திர வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1954இலேயே வந்துவிட்டது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் மனநோயும் உண்டு. சட்டம் இருந்தது, காப்பகமும் இருந்தது.

மலையகத்தின் மனத்துயருக்கு ஒரு தனிப் பெயரே உண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் ஆனார்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் ஒரே சமயத்தில் கதறினார்கள். அந்தக் கதறலைக் கேட்க நிலையத்தில் ஒரு நாற்காலி கூடப் போடப்படவில்லை.

கேட்பதையே சேவையாகச் செய்யும் முறை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைப் பத்திரிகைகள் வழியாக அறிவித்தார். ஆலோசனை சொல்வது தன் வேலை என்று நினைத்திருந்தார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தொண்டர்களிடமே பலர் மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். அவரும் அதைப் புரிந்துகொண்டு வேலையைத் தொண்டர்களிடமே விட்டார். அதே வழியில் 1974இல் இலங்கையில் ஜோன் டி மெல் சுமித்ரயோவைத் தொடங்கினார். பெயருக்கு நல்ல நண்பர்கள் என்று பொருள். 1986இல் சென்னையில் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் சினேகாவைத் தொடங்கினார்.

இந்த அமைப்புகளின் அறிவிப்பில் ஒரு நேர்மை இருந்தது. குணப்படுத்துவோம் என்று அவை சொல்லவில்லை. கேட்போம், ரகசியம் காப்போம், காசு வாங்க மாட்டோம், மதம் பேச மாட்டோம் என்றன. செய்யக்கூடியதை மட்டுமே சொன்னன, சொன்னதைச் செய்தன.

ஆனால் இலங்கையில் அந்த அழைப்புக்குக் குறுக்கே சட்டம் நின்றது. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இங்கே குற்றம். "சாக முயன்றேன்" என்று ஒருவர் அன்று ஆஸ்பத்திரியில் சொன்னால், அது பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம் ஆகலாம். தோட்டத்துப் பெண்ணுக்கு அதில் இன்னொரு சுமை: பொலிஸ் நிலையத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். 1995இல் நாட்டின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. 1997இல் ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்தபின் 1998இல் அந்தக் குற்றப்பிரிவு நீங்கியது. நச்சு மிகுந்த பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. "வந்து சொல்லுங்கள்" என்ற அழைப்பை அச்சமில்லாமல் அச்சடிக்க முடிந்தது அந்தக் குற்றப்பிரிவு நீங்கிய பிறகுதான்.

2004 ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியபின் நாடே மனநலம் பற்றிப் பேசத் தொடங்கியது. 2005இல் வந்த மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மனநல மருத்துவ அலுவலர்கள் வந்தார்கள், கிளினிக்குகளும் வந்தன. அங்கொடை மருத்துவமனை தேசிய மனநல நிறுவனம் ஆனது. 1926 என்ற தொலைபேசி எண்ணைத் திறந்தது. இவற்றோடு கட்டணம் வாங்கும் உளவளத்துணையாளர்களும், சில நாள் பயிற்சியோடு பட்டம் போட்டுக்கொள்பவர்களும் பேஸ்புக்கிலும் துண்டுப் பிரசுரத்திலும் வரத் தொடங்கினார்கள்.

மலையகத்தில் ஓர் அறிவிப்பு நேர்மையாக இருப்பது எப்படி என்பதை லயத்துக்குள் நின்று பார்த்தால் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பறா. பக்கத்துக் காம்பறாவுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் தொலைபேசியில் விசும்பினால் அந்தப் பக்கம் கேட்கும். பல லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து பல கைகள் மாறி வரும். 'மனநல கிளினிக்' என்று முகப்பில் அச்சிட்ட உறை ஒன்று ஆபீஸ் மேசையில் ஒரு பகல் கிடந்தால் போதும். பெண் பார்க்க வருபவர்கள் வரை செய்தி போய்விடும். "முழு ரகசியம்" என்று சுவரொட்டியில் போடுகிற நிறுவனம் தன் உறையில் என்ன அச்சிடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நன்றி சொல்லும் படம் இன்னொரு ஆபத்து. நிதி கொடுப்பவருக்குக் காட்டவும் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் திரட்டவும், குணமான பெண்ணின் முகத்தையும் கதையையும் வெளியிடுவது வழக்கமாகிவருகிறது. அவர் சம்மதித்தார் என்பார்கள். உதவி செய்தவர் எதிரில் நின்று கேட்கும்போது இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது, பிரட்டுக்களத்தில் மருந்துக்கு வரிசை நின்றவர்களின் பேத்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயரும் முகமும் தோட்டமும் இல்லாமல் சேவையை விளக்க முடியாதென்றால், அந்த விளக்கத்தில்தான் குறை.

அச்சமூட்டி அழைப்பதும் தகாது. "கவனிக்காவிட்டால் பைத்தியம் ஆகிவிடும்" என்ற வரி அங்கொடையின் பழைய நிழலை மறுபடி லயத்துக்குள் கொண்டுவரும். "மூன்றே அமர்வில் குணம்" என்பது தேங்காய் மாசிக்கு நெருங்கிய சொந்தம்.

உளநல சேவைக்குப் பலகை எழுதுபவர்கள் ஐந்து விஷயங்களை மட்டும் தெளிவாக எழுதட்டும்: பேசப்போகிறவர் யார், அவர் படித்தது என்ன; தமிழில் பேசுவாரா; எவ்வளவு பணம், அல்லது பணமே இல்லையா; எந்த நாள், எந்த நேரம், அன்றைய பேர் போகாமல் வர முடியுமா; சொன்னது யார் காதுக்குப் போகும், யார் காதுக்குப் போகாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோவில் திருவிழாவிலும் இதைச் சொல்லலாம். கோடாங்கியோடு சண்டை பிடிக்காமல், அவர் மதித்த மாலை நேரத்தையும் மொழியையும் குடும்பத்தையும் தாங்களும் மதிக்கலாம்.

மனம் தாங்காத நேரத்தில் எவரும் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள். அழைப்பு போய்ச் சேரும் இடம், மலையகம் ஒரு காலத்தில் பெயரைச் சொல்லவே அஞ்சிய அதே அங்கொடை.