டாட் (தையல்)

டாட் என்பது தட்டையான துணியை உடலின் மேடுபள்ளங்களுக்கு இசைய வைக்க, துணியின் உட்புறமாக ஆப்பு வடிவில் பிடித்துத் தைக்கும் மடிப்பு. ஒரு முனை அகன்றிருக்கும், மறுமுனை கூராக முடியும். எறியம்பைக் குறிக்கும் டார்ட் என்ற ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டுத் தையல் கடைகளில் டாட் ஆகிவிட்டது. பல ஊர்களில் 'டக்ஸ் பிடிப்பது' என்றும் சொல்வார்கள். பாடநூல்படி டக்ஸ் வேறு. அது நெடுக ஒரே அகலத்தில் ஓடும் நேர்மடிப்பு.

பிரெஞ்சில் டாட்டுக்குப் பேன்ஸ் என்று பெயர். கிள்ளுதல் என்ற வினையிலிருந்து வந்தது. துணியை இரு விரலால் கிள்ளிப் பிடித்துத்தானே இந்த மடிப்பு தொடங்குகிறது! அம்பைவிட இந்தப் பெயரே பொருந்துகிறது.

வட்டமான காகிதத்தில் ஓர் ஆப்பை மடித்து ஒட்டினால் அது கூம்பாகிவிடும். டாட் செய்வதும் இதையேதான். எழும் மேட்டின் அளவை முடிவு செய்வது மடிப்பின் கோணம். பிடிக்கும் துணி 1 அங்குலம், டாட்டின் நீளம் 4 அங்குலம் என்றால் கோணம் ஏறத்தாழ 14 பாகை. அதே 1 அங்குலத்தை 6 அங்குல நீளத்துக்குப் பிடித்தால் 9.5 பாகைதான், மேடு தாழ்ந்துவிடும். 'டாட் ஒரு இஞ்ச்' என்று அகலத்தை மட்டும் எழுதிவைத்துக்கொள்வது அரைக் கணக்கு.

தமிழ்நாட்டு வீடுகளில் டாட் முழு வேலை செய்யும் இடம் சேலை ரவிக்கைதான். நாலு டாட் ரவிக்கையின் ஒவ்வொரு முன்பாகத்திலும் கீழிருந்து எழும் நடு டாட், பக்கவாட்டு டாட், கம்கட்டு டாட், கொக்கிப் பட்டிப் பக்கத்து டாட் என நான்கு இருக்கும். நான்கும் மார்பின் உச்சிப் புள்ளியை நோக்கினாலும் எதுவும் அதைத் தொடக்கூடாது. ஓர் அங்குலம் முன்னதாகவே முடிய வேண்டும். தொட்டால் துணி கூராகத் துருத்தும். தோளிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு இறக்கம், இரு புள்ளிகளுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற இரண்டு அளவுகளையும் உடலில் நேராக எடுப்பதே நல்லது. 'சைஸ் சரியில்லை' என்று பிரிக்கப்படும் ரவிக்கைகளில் பலவற்றில் கோளாறு சுற்றளவில் இல்லை, புள்ளி ஏறியோ இறங்கியோ நிற்பதில்தான். அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொல்லும் வழக்கத்தின் குறையும் இதுவே. பழைய ரவிக்கையின் பிழை புதியதிலும் அப்படியே வந்து உட்காரும்.

டாட்டை ஓரிடத்தில் மூடி, அதே கோணத்தை இன்னோரிடத்தில் திறக்கலாம், பொருத்தம் மாறாது. பிரின்சஸ் கட் என்னும் ரவிக்கை வகையில் டாட்டுகள் நெடுந்தையலுக்குள் மறைந்திருக்கின்றன. கட்டோரி வகையில் கப் தனித் துண்டாக வருகிறது. கிராஸ் கட் வகையில் முன்பாகத்தை 45 பாகைச் சாய்வில் வெட்டுவதால் துணியே ஓரளவு இழுபட்டுக் கொடுக்கிறது, ஆனால் துணி கூடுதலாகச் செலவாகும்.

தைக்கும்போது அகன்ற முனையில் கெட்டித்தையல் போட்டுத் தொடங்க வேண்டும். கூர்முனையை நெருங்குகையில் கடைசி நாலைந்து தையல்கள் மடிப்பின் விளிம்பிலேயே ஓடி வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அங்கே பின்தையல் போட்டால் முடிச்சு தடித்துக் குழி விழும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிவதே சரி. பிறகு நெடுக்கு டாட்டை நடுப்பக்கமாகவும் கிடை டாட்டைக் கீழ்ப்பக்கமாகவும் மடக்கித் தேய்ப்பார்கள். சமதளத்தில் தேய்த்தால் எழுப்பிய மேடு நசுங்கும் என்பதால் சுருட்டிய துண்டின் மேல் வைப்பது உண்டு. பட்டில் பிரித்துத் தைத்தால் ஊசித்துளை தெரியும். ஆகவே முதலில் கைத்தையலால் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா உடைக்கும் டாட் வேண்டியதில்லை. புதுச்சேரியை ஒட்டிய, இஸ்லாமியக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் வீட்டு மெஷினில் தைக்கப்படும் புர்காவும், எல்லா வீட்டுக்கும் பொதுவான நைட்டியும் தோளிலிருந்து தளர்ந்து தொங்க வேண்டியவை. திருப்பூர் பனியன் துணிக்கு வேறு காரணம்: பின்னல் துணி தானே விரிந்து கொடுக்கும்.

சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் துன்னகாரர் என்ற தையற்காரர்கள் இருந்தார்கள். தைத்த மேலுடைக்குக் குப்பாயம் என்ற பழைய பெயரும் உண்டு. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் மேலுடைகளில் பரவலாக இருந்த டாட், ஒட்டித் தைக்கும் ரவிக்கையோடு இங்கேயும் நிலைபெற்றது.

வீட்டில் தைப்பவர்கள் டாட்டின் உள்துணியை வெட்டாமல் விடுவது வழக்கம். தடித்த துணியில் மட்டும் அதைக் கீறி இருபுறமும் விரித்துத் தேய்ப்பார்கள். வெட்டாமல் விட்ட டாட்டைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் பிரித்து அரை அங்குலம் தளர்த்தலாம். வெட்டிவிட்டால் அந்த ரவிக்கை அடுத்த தங்கைக்குத்தான்.