சாவடி தவிர்த்த சாலை

முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு பட்டம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் சுங்கத்தை விட்டுவிட்டுச் சாவடியை மட்டும் தவிர்த்தது. டொராண்டோவுக்கு வடக்கே, தமிழர்கள் நிறைய வாழும் மார்க்கம் நகரின் வழியாகவும் போகிற 407ஆம் நெடுஞ்சாலை 1997 ஜூனில் திறக்கப்பட்டது. கூண்டு இல்லை, கட்டை இல்லை, சில்லறை வாங்கிப்போட ஆள் இல்லை. அக்டோபரில் கட்டணம் தொடங்கியபோதும் யாரும் எங்கேயும் நிற்கவில்லை. சரி, அந்தத் தடுப்புக்கட்டை எங்கே போச்சு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சாலையின் வரலாறு வேறு மாதிரி விரிகிறது.

முதலில் இயந்திரம். ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் சாலைக்குக் குறுக்கே இரும்பு வளைவுகள். அவற்றிலுள்ள ஆன்டெனா, கார்க் கண்ணாடியில் ஒட்டிய சிறு பெட்டியிடம் ரேடியோ அலையில் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெட்டி இல்லாத வண்டி வந்தால் காமிரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும். கணினி அந்தப் படத்தை வாசிக்கும். ஏறிய பதிவையும் இறங்கிய பதிவையும் ஜோடி சேர்த்து, தூரத்தைக் கணக்கிட்டு, பில் வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான். இதைச் செய்து கொடுத்தது, ராடாரும் ஏவுகணையும் செய்து பெயர் வாங்கிய ஹியூஸ் நிறுவனம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற வண்டியை எட்ட நின்று அடையாளம் காணும் வித்தையின் பூர்வீகமே அப்படித்தான். அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1970களில், தன்மேல் படும் ரேடியோ அலையையே சற்று மாற்றித் திருப்பி அனுப்பும் வில்லைகளை உருவாக்கினார்கள். அணுப்பொருட்களின் நடமாட்டத்தைப் பின்தொடர்வது ஒரு நோக்கம். வேளாண் துறைக்காக மாடுகளை அடையாளம் காண்பது இன்னொன்று. அங்கிருந்து வெளியேறிய விஞ்ஞானிகள் தொடங்கிய நிறுவனத்தின் வில்லை 1989இல் டல்லாஸ் சுங்கச்சாலையில் கார்க் கண்ணாடிக்கு ஏறியது. மாட்டிடமிருந்து மனுஷனிடம் வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டேகும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

407க்குத் திரும்புவோம். கட்டை இருந்தால் காசு தராதவரை அங்கேயே நிறுத்தலாம். எடுத்துவிட்டால்? ஓடிப்போன வண்டி யாருடையது என்று சொல்ல அரசின் வாகனப் பதிவேட்டை விட்டால் வேறு கதியில்லை. ஆக, பொறியாளர் எடுத்த முடிவு சட்டத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தது. 1998ஆம் ஆண்டின் 407 சட்டப்படி, பாக்கி வைத்தவரின் வாகன அனுமதியைப் பதிவாளர் புதுப்பிக்கக் கூடாது. மறு ஆண்டே, ஏறத்தாழ 310 கோடி கனடிய டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகையில் சாலை தனியார் கூட்டமைப்பின் கைக்குப் போனது. அந்த அதிகாரமும் கூடவே போனது. தப்பும் தவறுமாக வந்த பில்கள்மீது புகார்கள் குவிந்து, 2000இல் அரசு அனுமதி மறுப்பை நிறுத்திவைத்தது. நிறுவனம் நீதிமன்றம் போய் வென்றது; 2006இல் மறுப்பு திரும்பவும் நடைமுறைக்கு வந்தது.

ஒரு லாரி ஓட்டுநர். பாக்கி 35,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. திவாலாகி, 2011இல் சட்டப்படி கடனிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்குமேல் மற்ற கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்க முடியாது. ஆனால் நம்பர் பிளேட் தரவேண்டிய அலுவலகத்தில் மட்டும் சாலைப் பாக்கி அப்படியே உட்கார்ந்திருந்தது. திவால் சட்டம் விடுவித்த கடனை இப்படிச் சுற்றுவழியில் வசூலிக்க முடியாது என்று கனடா உச்சநீதிமன்றம் சொன்னது 2015 நவம்பரில்.

கட்டை எங்கே போச்சு என்று கேட்டோமே, இங்கேதான் இருந்தது. சாலையிலிருந்து பெயர்த்து அலுவலக மேசையில் நட்டுவைத்திருந்தார்கள்.

1990இல் டெல்யூஸ் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய குறிப்பில், கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரம் வரும். மின்னணு அட்டைக்குத் தடுப்பு திறக்கும். ஒருநாள் திறக்காமலும் போகும். அங்கே தடுப்பைவிட, யார் எங்கே என்று குறித்துக்கொள்ளும் கணினியே முக்கியம் என்பது வாதம். 407ஐ வைத்துப் பார்த்தால் இது பாதிதான் சரி. கணினி தனியாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. பதிவேடு, பதிவாளர், சட்டம், நீதிமன்றம் என்று பழைய அரசு முழுசாக அதன் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. சந்தை வந்தால் அரசு ஒதுங்கிக்கொள்ளும் என்று 90களில் நமக்குப் பாடம் எடுத்தார்களே, அது ஒதுங்கவில்லை. வசூல் ஆளாக வேலைக்குச் சேர்ந்தது.

2025 ஜூன் 1 அன்று, தன் கையில் இருந்த கிழக்குப் பகுதியில் மட்டும் மாகாண அரசு கட்டணத்தை நீக்கியது. குத்தகைக்குப் போன பகுதியை அந்த அறிவிப்பு தொடவில்லை. அங்கே குத்தகை முடிவது 2098இல். சுங்கம் தவிர்க்க ஒரு சோழனே வந்தாலும், சாலை யார் கையில் இருக்கு என்றுதான் முதலில் கேட்கவேண்டியிருக்கும்.