நாம் எடுக்காமல் விட்ட படம்

பயணம் போகிற இடங்களில் நாம் எடுக்கிற படங்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். கோயில், சிற்பம், அரண்மனை மாதிரியான இடங்களில் எடுக்கிற படங்கள். வரலாறு பேசுகிற நிகழ்ச்சியில் இது எதுக்குன்னு உங்களுக்குத் தோணலாம். அதனால் முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் ஊரில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். முன்மண்டபத்தில் ஒரு தூண், அதில் நாலைந்து வரி கல்வெட்டு. சின்ன வயசில் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன், படிக்கத் தெரியாது. பிற்பாடு கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடந்தது. தூண்களை மணல் வீச்சு அடித்துச் சுத்தம் செய்து, மேலே எனாமல் பெயிண்டும் பூசிவிட்டார்கள். நான் கொஞ்சம் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு ஆசையாக ஊருக்குப் போனபோது தூண் பளபளன்னு இருந்தது. எழுத்துதான் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். அந்தக் கோயிலில் எங்கள் குடும்பம் எடுத்த படங்கள் 40-க்குக் குறையாது. காதுகுத்து, மொட்டை, சித்தி கல்யாணம். அத்தனையிலும் ஒரே ஒரு படத்தில்தான் அந்தத் தூண் வருகிறது. அதிலும் பாதித் தூணை அத்தையின் பட்டுப்புடவை மறைக்கிறது. மீதிப் பாதி ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருக்கிறது. அந்த ஊரில் யாரோ ஒருவர் கோயிலுக்கு எதையோ கொடுத்திருக்கிறார். யார், என்ன கொடுத்தார் என்று இனிமேல் நமக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஆல்பத்தை மூடி வைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். தொழில் ராணுவம். புகைப்படம் அவர் விடுப்பில் ஊருக்குப் போனபோது பிடித்துக்கொண்ட ஆசை. 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855-இல் பர்மா அரசவைக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு போய் 200-க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அடுத்த வருஷமே சென்னை அரசாங்கம் அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்புகிறார். வடக்கே கலகம் இன்னும் ஓயாத சமயம் அது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, கடைசியில் சென்னை வந்து சேர்கிறார். கேமரா, ரசாயனம், காகிதம் எல்லாம் மாட்டு வண்டியில் வந்தன. படம் எப்படி எடுத்தார்னு கொஞ்சம் சொல்லணும். அப்போது கண்ணாடித் தகடும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் தகட்டில் ரசாயனத்தைப் பூசினால் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு கஷ்டம்னு யோசித்துப் பாருங்கள். அதனால் பெரிய படங்களுக்கு டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதத்தைப் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், படம் எடுத்தபிறகும் சாவகாசமாகக் கழுவலாம். ஒரு காகிதம் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். ஒரு படம் பதிய நிமிஷக்கணக்கில் ஆகும். குறுக்கே நடந்து போகிறவர் அதில் விழவே மாட்டார். அவர் படங்களில் பெரிய பெரிய பிராகாரங்கள் ஆளில்லாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதுரையில் அவர் எடுத்தவற்றைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களையும் புதுமண்டபத்தையும் எடுத்திருக்கிறார், அது சரி. வைகை ஆற்றின் தரைப்பாலத்தையும் எடுத்திருக்கிறார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்குத்தூணையும் எடுத்திருக்கிறார், இன்று துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கிறதே, அதேதான். திருமலை நாயக்கர் மகாலை எடுத்திருக்கிறார். நாம் இன்று பார்க்கிற மகால், 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுதுபார்த்த மகால். டிரைப் எடுத்தது அதற்கு முந்தைய நிலை. அப்போது அது எப்படி இருந்தது என்று நம்மால் இன்று பார்க்க முடிகிறதென்றால், அவர் அங்கே பெட்டியை நிறுத்தியதால்தான்.

அவரை நான் உத்தமராக்கவில்லை. கம்பெனி தன் கைக்கு வந்த நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான் இந்தப் படங்கள். காகிதத்தில் வானம் சரியாக விழாது என்பதால் நெகட்டிவில் கையால் மேகம் வரைந்து சேர்த்தவரும் இவர்தான். நம்ம ஃபில்டர்களுக்குத் தாத்தான்னு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தஞ்சாவூரில் அவர் செய்த ஒரு வேலைக்காக எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அங்கே போகிற எல்லாரும் என்ன செய்வோம்? அண்ணாந்து பார்ப்போம், படமும் அண்ணாந்துதான் எடுப்போம். டிரைப்பும் அந்தப் படத்தை எடுத்தார். அதோடு நிற்காமல், கேமராவை விமானத்தின் அடிப்பகுதிக்குத் திருப்பினார். அங்கே வரிவரியாக ஓடுகிற கல்வெட்டை, கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்கள். பிறகு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி. 1858-இல், மாட்டு வண்டியில் வந்த ஒருவர் எடுத்த பனோரமா.

அவர் கல்வெட்டு ஆய்வாளர் இல்லை. அந்தக் கோயிலை யார் கட்டியது என்பதே அப்போது கல்வெட்டு ஆதாரத்தோடு நிலைபெற்றிருக்கவில்லை. 1886-இல் ஹுல்ட்ஸ் அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளராக வந்து, தஞ்சைக் கல்வெட்டுகளை முறையாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ராஜராஜன் கட்டியது என்பது உறுதியானது. 1891 முதல் அவை அச்சில் வந்தன. படித்துப் பார்த்தால் ஆச்சரியம்! தான் கொடுத்ததையும், அக்கா கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டச் சொல்லி ராஜராஜனே ஆணையிட்டிருக்கிறான். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கோயிலின் விலாசம் இடுப்பு உயரத்தில் எழுதியிருந்தது.

1859-இல் கவர்னராக வந்த டிரவெல்யன், அரசாங்கத்துக்குப் புகைப்படம் எல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையை நிறுத்திவிட்டார். அது ஆடம்பரமா இல்லையா என்பதற்கு நம் காலத்துக் கதை ஒன்று இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு சோழர் காலச் சிவன் கோயில். அங்கிருந்த நடராஜர் செப்புத் திருமேனி திருடு போனது. கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2008-இல் அவர்கள் கொடுத்த விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். இது எங்கள் சாமி என்று எப்படி நிரூபிப்பது? ஊர்க்காரர்கள் சொன்னால் போதுமா? நிரூபித்தது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதில் 1994-இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்ததும் இருந்தது. எந்தக் கோயில், எந்தச் சாமி, எந்த வருஷம் என்ற குறிப்போடு இருந்தது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அந்தப் படத்தை எடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்தா எடுத்தார்கள்? இல்லை. நேராக நின்று, தெளிவாக எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். குடும்பத்தோடு நின்று படம் எடுங்கள், கண்டிப்பாக எடுங்கள். எடுத்து முடித்தபிறகு எல்லாரையும் நகரச் சொல்லிவிட்டு அந்தத் தூணை மட்டும் ஒரு படம் எடுங்கள். கருவறையை எடுக்க வேண்டாம். மற்ற இடத்திலும் குருக்களிடமோ காவலரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் முழுத் தோற்றம், பிறகு நாலு பக்கம், பிறகு நுணுக்கம். கல்வெட்டை எடுக்கக் காலையோ மாலையோதான் நல்ல நேரம், வெயில் சாய்வாக விழுந்தால் எழுத்து எழும்பித் தெரியும். எழுத்து தெரியணும்னு மாவு, சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். சுவரோவியம் இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஊர், கோயில், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். பிரபலமான கோயிலுக்கு ஆயிரம் பேர் படம் எடுப்பார்கள். உங்கள் அம்மா ஊர்க் கோயிலுக்கு நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.

அந்த அத்தை இப்போது இல்லை. கும்பாபிஷேகத்துக்கு அடுத்த வருஷம் போய்விட்டார். அவர் நன்றாகச் சிரித்தபடி இருக்கிற படம் அது ஒன்றுதான், அதனால் பெரிதாக்கி மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், அத்தை கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு யாராவது சொல்லி இன்னொரு படம் எடுத்திருக்கலாமேன்னு தோணும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.